ஜாடிக்கு ஓர் அடி இடம்

விருத்தாசலத்தில் எங்கள் ஆயா வீட்டில் அலமாரி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவருக்குள் பதித்த மர அலமாரி, இரண்டு கதவு, மூன்று தட்டு. அதில் தாத்தாவின் பத்திரங்கள், பஞ்சாங்கம், மருந்துப் புட்டிகள். மற்றபடி அந்த ஓட்டு வீட்டில் சாமான் வைப்பதற்கென்று தச்சர் கை வைத்த வேலை எதுவும் கிடையாது. நிரந்தரமாக எட்டுப் பேர் புழங்கினார்கள். விசேஷம் என்றால் இருபது பேர். அப்படியும் நடக்கிற வழியில் ஒரு பொருள் கிடந்து காலில் இடறியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது நான் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், 620 சதுர அடி ஃப்ளாட். மூன்று பேர்தான். சமையலறையில் மட்டும் 14 கதவுகள். படுக்கையறையில் தரையிலிருந்து கூரை வரை கப்போர்டு, அதற்கு மேல் லாஃப்ட், கட்டிலைத் தூக்கினால் அதன் வயிற்றுக்குள் ஓர் அறை. இவ்வளவு இருந்தும் சாப்பாட்டு மேசையின் பாதி எப்போதும் எதையாவது சுமந்துகொண்டே இருக்கிறது. நான் பார்த்த எல்லா ஃப்ளாட்டிலும் இதே கதைதான். சின்ன வீட்டுக்காரர்கள் சந்தித்தால் பேச்சு எப்படியும் "எங்க வைக்கிறது?" என்பதில் வந்து நிற்கும். ஆயா வீட்டில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அது ஏன் என்பதைத்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் இடம் சுவரிலும் கூரையிலும் இருந்தது. சுவர் எழுப்பும்போதே விட்ட மாடாக்குழிகளில் விளக்கு, தீப்பெட்டி, சீப்பு, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. உத்திரத்தில் தொங்கிய உறியில் தயிரும் வெண்ணெயும் இருக்கும், பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில். அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் அன்றாடம் கட்டுகிற துணி. நல்ல துணிக்கு ஒரு டிரங்குப் பெட்டி. பாய்கள் விடிந்ததும் சுருட்டப்பட்டு மூலையில் நின்றுவிடும், படுக்கையறை கூடமாகிவிடும். பகலெல்லாம் கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற ஏற்பாடு அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இருந்த ஒரே கயிற்றுக் கட்டிலும் காலையில் வாசலுக்குப் போய்விடும்.

சமையற்கட்டை ஒட்டிய இருட்டறையில்தான் ஆயாவின் ராஜ்ஜியம். ஒரு பக்கம் குதிர். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக அடுக்கி எழுப்பியது. மேலே வாய், அடியில் கையகலத் துளை. துளையைத் துணிப்பந்து வைத்து அடைத்திருப்பார்கள். புது நெல்லை மேலே கொட்டுவார்கள், பழைய நெல்லைக் கீழே திறந்து எடுப்பார்கள். முன்னால் வந்தது முன்னால் வெளியேறும். கிடங்கு நிர்வாகப் பாடத்தில் இதைத்தான் முதல் விதியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் ஃப்ரிட்ஜில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. புதுசு முன்னால் நிற்கும், பழசு பின்னால் ஒதுங்கும், கடைசியில் குப்பைக்குப் போவது அந்தப் பழசுதான். குதிரின் அமைப்பே அந்தத் தவறுக்கு வழி விடாது. யாருடைய ஒழுங்கையும் நம்பி அது நிற்கவில்லை, அடியில் இருந்த துளையை நம்பி நின்றது.

இன்னொரு பக்கம் அடுக்குப்பானை. பெரிய பானை அடியில், அதன் வாயில் அடுத்தது, அதற்கு மேல் அதைவிடச் சின்னது என்று ஆள் உயரத்துக்கு ஏறும். அடியில் இருப்பது எப்போதாவது தேவைப்படுவது, மேலே இருப்பது அடிக்கடி தேவைப்படுவது. விதைக்கு வைத்த துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து அடிப்பானையில் போடுவார் ஆயா. மொச்சையோடு சாம்பல் சேரும், அரிசியோடு வேப்பிலையும் வசம்பும் கிடக்கும். எந்தப் பண்டத்தை எது அரிக்கும், அதற்கு எது மாற்று என்பது அவருக்கு மனப்பாடம். பண்டத்தின் குணத்தைப் பார்த்துத்தான் பாத்திரத்தை முடிவு செய்வார். அழகுக்காக ஒரே மாதிரி டப்பா வாங்கி வரிசையாக அடுக்கும் பழக்கமெல்லாம் பிறகு வந்தது.

மூன்றாவது பக்கம்தான் எனக்குப் பிடித்தது. ஜாடிகள்.

எங்கள் ஊர் பீங்கான் ஊர். நெய்வேலியில் நிலக்கரிக் கழகம் 1956-இல் தொடங்கி, பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணைத் தோண்டத் தோண்ட வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அந்த மண் பக்கத்திலேயே இருக்கிற விருத்தாசலத்துக்கு வந்தது. பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையம், கற்குழாய் ஆலை, சின்னச் சின்ன சூளைகள் என்று ஒரு தொழில் ஊரோடு ஒட்டிக்கொண்டது. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் விருத்தகிரீஸ்வரர் கோயில், அல்லது இரவு ரயில் நிற்கிற ஜங்ஷன். எங்களுக்கு அது சூளைப் புகையும் வெள்ளை மண் படிந்த சட்டைகளும். பொம்மை, கோப்பை, அகல் விளக்கு, மின்கம்பத்துக்கான பீங்கான் கட்டை, மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கே சுட்டார்கள்.

மாமா பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தார். சூளை பிரித்த நாளில் சைக்கிள் கேரியரில் வைக்கோல் சுற்றிய ஏதாவது ஒன்று வரும். 'செகண்ட்ஸ்' என்பார்கள். மெருகில் ஒரு புள்ளி, நிறத்தில் ஒரு திட்டு, கொஞ்சம் கோணல், அதனால் கடைக்குப் போகாதது. எங்கள் ஊர் வீடுகளில் இருந்த பீங்கானில் பாதி இந்தச் செகண்ட்ஸ்தான். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று மாமா எனக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார். ஜாடியை இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கை நடுவிரலை மடக்கி வயிற்றில் ஒரு தட்டு. கணீரென்றால் உடம்பு முழுசு. டொக்கென்றால் எங்கோ விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். பிறகு வாயை வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்ப்பார். மெருகில் தலைமுடி போலச் சன்னமான வெடிப்பு வலை பின்னியிருந்தால் ஊறுகாய்க்கு ஆகாது, உப்புநீர் அதற்குள் போய்விடும்.

"நெறம் கெட்டா பரவால்ல பாப்பா. ஒடம்பு கெடக்கூடாது. புள்ளி இருக்கறத சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிடலாம்" என்பார்.

ஆயாவின் வரிசையில் கடைசியில் நின்ற பெரிய ஜாடி எனக்கு இன்னும் அச்சு அசலாக நினைவிருக்கிறது. தோள் வரை பழுப்பு, கீழே பாலேடு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் பழுப்பு ஓரிடத்தில் வழிந்து, நாக்கு நீட்டியது போல் இறங்கியிருக்கும். மூடியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே இருக்கும் மண் சொரசொரவென்று விரலில் படும், ஆனால் மாவு உதிராது. அவ்வளவு வெந்த மண். மூடிக்கு மேல் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, முடிச்சை எப்போதும் ஒரே பக்கம் போடுவார் ஆயா. முடிச்சு வேறு பக்கம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த ஜாடி ஏன் இப்படி நிலைத்து நிற்கிறது என்பதைப் பிற்பாடுதான் விளங்கிக்கொண்டேன். சாதாரண மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் குளிர்வதற்கு அது நல்லது. உப்பு வைத்தால் ஈரம் வெளிச்சுவர் வரை கசிந்து, அங்கே உப்புப் பூத்து, பானை பொருக்குப் பொருக்காக உதிரும். ஆயா வீட்டில் உப்புப்பானை அடிக்கடி மாறியது அதனால்தான். ஜாடி மண்ணை 1,200 டிகிரி அளவுக்குச் சுடும்போது அதிலுள்ள ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. மேலே பூசிய மெருகும் கண்ணாடிதான். இரும்புச் சத்து சேர்ந்தால் அது பழுப்பாகிறது. உப்பு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அந்தச் சுவரை ஒன்றும் செய்வதில்லை. பித்தளையோ இரும்போ ஆகாத வேலை அது. போதாததற்குச் சுவர் தடிமன், வெளிச்சம் புகாது. சித்திரை வெயிலிலும் உள்ளே சூடு சட்டென்று ஏறாது.

வைப்பதற்கான இடத்தைவிட ஆயாவுக்கு முக்கியமாக இருந்தது வைப்பதற்கான காலம். தை மாதம் சம்பா அறுப்பு. தை பிறப்பதற்கு முந்தின நாளே போகி. வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்து, ஓட்டை முறத்தையும் கிழிந்த பாயையும் வெளியே எறிந்தால்தான் புது நெல்லுக்கு இடம். மாசி மகத்துக்குக் கோயிலைச் சுற்றிக் கடைகள் போடுவார்கள். மணிமுத்தாற்றில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் பாத்திரக் கடையில் மொய்க்கும். பெரிய ஜாடி வேண்டுமானால் அப்போதுதான் வாங்குவது. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். கொட்டை எடுத்து, உப்புக் கல்லோடு அழுத்தி ஒரு ஜாடி. பங்குனி வெயிலில் மிளகாயும் வடகமும் காயும். சித்திரை, வைகாசியில் மாங்காய். ஆனி வந்துவிட்டால் எல்லாம் நிறைந்து நிற்கும், அந்த அறையில் திரும்ப இடம் இருக்காது.

அதன் பிறகு அந்த அறை இறங்கத் தொடங்கும். ஆடியில் ஒரு பானை காலி, ஐப்பசி மழையில் வடகம் தீரும், மார்கழியில் குதிரின் அடித்துளையில் கைவிட்டால் அரைப்படி வருவதே பாடு. காலியான ஜாடியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, வெந்நீரில் அலசி, முற்றத்து வெயிலில் வாய் கவிழாமல் சாய்த்து வைப்பார் ஆயா. முழுக்கக் காய்ந்தபின் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்திருந்தால் காலி, நிமிர்ந்திருந்தால் நிறைவு. எந்தச் சீட்டும் ஒட்டாமல் இருட்டில் கை வைத்தாலே கணக்குத் தெரியும்.

அந்த வீட்டின் ரகசியம் இதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அங்கே வைத்தது அத்தனையும் தீர்ந்துபோவதற்காக வைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஏறி, வருஷத்துக்கு ஒருமுறை இறங்கியது. இறங்கும் என்று தெரிந்ததால் சின்ன அறை போதுமாயிற்று. என் ஃப்ளாட்டில் 14 கதவுக்குப் பின்னால் இருப்பவற்றில் பெரும்பகுதி தீரும் ஜாதியே இல்லை.

ஃப்ளாட் வாங்கியதும் மாடுலர் கிச்சன் போட ஒருவர் வந்தார். நல்ல வேலைக்காரர், அளவில் சுத்தம். அடிப்பெட்டி இரண்டடி ஆழம், மேல்பெட்டி ஓர் அடி ஆழம், இழுப்பறைக்கு சேனல் என்று வரைந்துகொண்டே வந்தவர், ஊரிலிருந்து நான் கொண்டுவந்த மூன்று ஜாடிகளைப் பார்த்து நிறுத்தினார். "இது செட் ஆகாது மேடம். மேல வச்சா எறக்க முடியாது. கீழ இழுப்பறையில வச்சா சேனல் தாங்கணும். ரவுண்டா வேற இருக்கு. ஷோவுக்கு ஹால்ல வச்சுக்கலாம். லைட் போட்டுத் தர்றேன்."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஒரு சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் சதுரத்தின் பரப்பில் நூற்றுக்கு 78 பங்குதான் வட்டத்துக்குள் வரும். வட்டமான ஜாடிகளை அலமாரித் தட்டில் நேர் வரிசையாக ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் வீண். ஆயாவின் மூலையில் அது பொருட்டில்லை. இங்கே ஒவ்வொரு சதுர அடிக்கும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம். அரசே ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில் 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடியை அளவாக வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்குள் குடித்தனம் நடத்துகிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆக, விருத்தாசலத்தில் ஊறுகாய் போட்ட பாத்திரம் சென்னையில் விளக்கு வெளிச்சத்தில் காட்சிப் பொருளாக நின்றது. அடுப்படியில் ஊறுகாய், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தது. ஊர்ப்பக்கமும் இப்போது இப்படித்தான். போன முறை போயிருந்தபோது, சூளைக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் உப்பு, புளி, மிளகாய் எல்லாமே நிறம் மங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் இருந்தன. பீங்கான் என்று பார்த்தால் வரவேற்பறையில் ஒரு பிள்ளையார், ஒரு பூச்சாடி. வீட்டுக்கு வீடு இருந்த ஃபியூஸ் கட்டையையும் ட்ரிப் சுவிட்ச் ஒழித்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பீங்கான் என் வீட்டில் வேறோர் இடத்திலும் இருக்கிறது. லாஃப்டில். கொலு பொம்மைகள். நவராத்திரிக்குப் பத்து நாள் படியில் உட்காருகிறவர்கள், மிச்ச நாளெல்லாம் செய்தித்தாள் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிற பொம்மைக்கு லாஃப்ட் சரியான இடம், பரணுக்கென்றே பிறந்த பொருள் அது. ஆனால் அந்தப் பெட்டிகளைச் சுற்றி இருந்தவை எவை? கல்யாணச் சீரில் வந்து பிரிக்காத எவர்சில்வர் அடுக்கு. மிக்ஸி, டிவி, குக்கர் வந்த காலிப் பெட்டிகள். யாரோ பரிசளித்த ஆறு டின்னர் செட்டுகள். கட்டிலுக்குள் இருந்தது அதைவிட மோசம். விருந்தாளிக்கென்று வாங்கிய மெத்தை, அதற்குள் சுருட்டிய இன்னொரு மெத்தை, சூட்கேஸுக்குள் சூட்கேஸ். இவை எதற்கும் ஆனி மாதமும் இல்லை, மார்கழியும் இல்லை.

சின்ன அடுக்களையை ஒழுங்கு செய்வதில் உலகத்துக்கே வழிகாட்டியது என்று கட்டடக் கலைஞர்கள் இன்றும் சொல்வது ஜெர்மனியில் 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் அடுக்களையை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். முதல் உலகப் போருக்குப் பின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அதுதான். அதில் என்னை நிறுத்தியது மாவுப்பெட்டி. அரிசி, சர்க்கரைக்கெல்லாம் அலுமினியப் பெட்டி கொடுத்தவர், மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி வைத்தார். ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்துக்கு மாவுப்புழு அண்டாது என்பதால். அரிசியில் வசம்பு போட்ட ஆயாவும் இந்த அம்மாவும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள்: உள்ளே போவது என்ன, அதைக் கெடுப்பது எது? நம் ஊருக்கு வந்து சேர்ந்த மாடுலர் கிச்சனில் அந்த அளவு வந்தது, இழுப்பறை வந்தது. அந்தக் கேள்வி வரவில்லை. புளிக்கும் பிஸ்கட்டுக்கும் சலவைத் தூளுக்கும் ஒரே பிளைவுட், ஒரே தட்டு. உப்பு வைத்த பெட்டியின் கீல்தான் எங்கள் வீட்டில் முதலில் துருப்பிடித்தது.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவைப் பழிக்க நான் வரவில்லை. 1946-இல் அமெரிக்காவில் டப்பர்வேர் தொடங்கி, 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது நம் வீட்டுப் பெண்கள் அதைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. எடை இல்லை, கீழே விழுந்தால் உடையாது, ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அது சதுரமாகவும் இருந்தது. அந்த நிறுவனமே 2024-இல் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்துவிட்டது என்பது வேறு கதை. உலர்ந்த பருப்புக்கும் ரவைக்கும் அந்த மாதிரி டப்பா நல்லதே. மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த ஊறுகாயை அதில் ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள். கறையும் வாடையும் டப்பாவோடு சேர்ந்துவிடும், அடுத்த வருஷம் அதில் வேறு எதையும் வைக்க முடியாது. ஜாடிக்கு அந்த ஞாபகம் கிடையாது. கழுவிக் காயவைத்தால் புது ஜாடி.

இதையெல்லாம் யோசித்தபின் வீட்டை மாற்றத் தொடங்கினேன். புதிதாக ஒரு தட்டுகூட அடிக்கவில்லை. தீருகிற பொருள், தீராத பொருள் என்று முதலில் பிரித்தேன். தீராதவற்றில், ஒரு வருஷத்தில் எந்த மாதத்தில் இதை எடுப்போம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதவை வெளியே போயின. காலிப் பெட்டிகள், டின்னர் செட்டுகள், இரண்டாவது மெத்தை. கொலுப் பெட்டிகள் லாஃப்டில் தங்கின, 'புரட்டாசி' என்று வெளியே எழுதி. விருந்தாளிக்குக் கோரைப்பாய் இரண்டு வாங்கிக் கதவு மூலையில் நிறுத்தினேன். வருகிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

ஜாடிகளை வரவேற்பறையிலிருந்து எடுத்து அடுப்படிக்கே கொண்டுவந்தேன். இழுப்பறையில் இல்லை. அடிப்பெட்டி ஒன்றின் கதவையும் நடுத்தட்டையும் கழற்றிவிட்டு, தரையிலேயே கால் வைத்த ஒரு பலகை போட்டு, அதன் மேல். கனமான பொருள் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஆயா வீட்டுப் பழக்கம். பலகையின் நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய சின்னப் பீங்கான் கிண்ணம். அந்தக் காலத்தில் வலை அலமாரிக்கு அடியில் எறும்புக்காக வைப்பார்களே, அது. உப்பு ஒன்றில், புளி ஒன்றில், எலுமிச்சை ஊறுகாய் ஒன்றில். மேல்பெட்டியில் ஒரே ஒரு தட்டை எப்போதும் காலியாக விட்டிருக்கிறேன். பண்டிகைக்கோ ஊரிலிருந்து வரும் முந்திரிக்கோ அது நிறையும், பிறகு காலியாகும். காலியாக ஓரிடம் இருப்பதைப் பார்த்தால் என் மகளுக்கு உடனே அங்கே எதையாவது வைக்கத் தோன்றுகிறது. "வைக்காதடி, அது காலியா இருக்கறதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி இப்போது அவளே விருந்தாளிகளுக்கு அதைச் சொல்கிறாள்.

ஆனாலும் வட்டக் கணக்கு என்னை விடவில்லை. சதுர ஜாடி ஒன்று ஏன் இருக்கக்கூடாது? சக்கரத்தில் வனைகிற காலத்தில் வட்டம்தான் வரும், சரி. எங்கள் ஊரில் பொம்மையைச் சக்கரத்திலா செய்கிறார்கள்? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் சுவரோரம் மண் ஓர் ஏடாகப் படிகிறது. போதுமான தடிமன் வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொள்ளலாக ஒரு பிள்ளையார் நிற்கிறார். தும்பிக்கையும் தொந்தியும் வருகிற முறையில் நாலு மூலை வராதா?

இதைக் கேட்பதற்காகவே விருத்தாசலம் போனேன். பேட்டையில் ஒரு யூனிட் வைத்திருப்பவர், மாமாவோடு வேலை பார்த்தவரின் மகன். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். கொட்டகை முழுக்கப் பச்சை அகல் விளக்குகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்தார். ஓர் அடித் தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு நிற்கிற அளவு, நேரான சுவர், மூடிமேல் அடுத்த ஜாடி உட்கார ஒரு பள்ளம்.

"வரும்க்கா. ஆனா நேர்ச்சுவரு சூளையில வளையும். மூலைய இவ்ளோ கூரா எடுக்கக்கூடாது, வெடிச்சிடும். கட்ட வெரல் அளவுக்கு உருட்டி உடணும்" என்றார். பிறகு படத்தில் இருந்த என் அளவுகளைத் தட்டிக் காட்டி, "இது சுட்டப்பறம் வேண்டிய அளவா? அப்ப அச்ச இதவிடப் பெருசா எடுக்கணும். காஞ்சி, வெந்து வர்றதுக்குள்ள நூத்துக்குப் பத்துப் பன்னண்டு சுருங்கிடும்."

மூடிதான் பெரிய பாடு என்றார். தனியாகச் சுட்டால் ஜாடி ஒரு பக்கம் வளையும், மூடி ஒரு பக்கம் வளையும், இரண்டும் சேராது. ஜாடிமேல் வைத்தே சுட வேண்டும், அப்போதுதான் சேர்ந்து வளையும். அதற்கு இரண்டும் தொடுகிற ஓரத்தில் மெருகை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் மெருகு உருகி மூடி ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். மெருகில் ஈயம் கூடாது என்றேன், புளிப்பில் ஈயம் கரையும். "தின்ற சாமானுக்கு அதெல்லாம் போடறதில்லக்கா" என்றவர், மேசைக்கு அடியிலிருந்து பாலேடு நிறத்தில் சின்னச் சின்னச் சில்லுகளை எடுத்து வரிசையாக வைத்து, எந்த மெருகு வேண்டும் என்றார். தோள் வரை பழுப்பு, கீழே இது என்றேன்.

"எத்தினி வேணும்? நாலஞ்சுக்கெல்லாம் அச்சுக் காசே கட்டாது. ஓர் அச்சுல நூறு கிட்டத்தட்ட ஊத்தலாம்."

எங்கள் குடியிருப்பில் 24 வீடு. வீட்டுக்கு இரண்டு என்று வைத்தாலும் 48. இரண்டு பக்கத்துக் குடியிருப்பிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஐம்பதுக்குச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்தேன். காய்கிற அகல் விளக்குகளைக் காட்டி, கார்த்திகை தீபம் வரை சூளைக்கு ஓய்வு இல்லை, அச்சு வேலையைத் தையில்தான் தொடுவேன் என்றார். மாங்காய்க்கு முன்னால் வந்தால் போதும் என்றேன்.